மேற்படி

ஹால்கம் வீட்டார் பதினோரு பெட்டிகள் அனுப்பியிருந்தார்கள்.
மேலே வரிச்சலுகைக்கான கடிதம்.
கீழே இன்னும் போகாத கருவாட்டு வாடை.

ஏழாம் பெட்டியில் பேரேடு.
கன்றுத்தோல் அட்டை, முதுகு விண்டிருக்கிறது.
விரித்ததும் மடிப்பிலிருந்து மணல் உதிர்ந்தது.
ஈர மை காயட்டும் என்று
1761இல் யாரோ தூவிய மணல்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

டோபியாஸ் ஹால்கம் நல்ல கையெழுத்துக்காரர்.
கருவாடு போகும், வெல்லப்பாகு வரும்.
பாகு ரம்மாகும், ரம் போகும்.
பீப்பாய்க்குப் பீப்பாய் எழுதுவார், ஆணிக்கு ஆணி.
ரம் போன கரையிலிருந்து வந்ததை மட்டும்
சுருக்கிவிடுவார்:
பெண் ஒன்று.
மேற்படி ஒன்று.
மேற்படி.
மேற்படி, சிறியது.

பக்கம் 58, சொத்து விவரம்.
செம்புக் கொப்பரைக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் நடுவே
பெனிபா, முப்பத்தைந்து பவுன்.
அடுத்த வரி:
மேற்படியின் பையன், இருபது.

பக்கம் 112இல் அவளே மறுபடி வருகிறாள்,
இம்முறை பக்கத்தின் தலையில்,
தன் பெயரில் பற்றும் வரவுமாக,
பாதிரியார் கணக்குக்கு எதிர்ப்பக்கம்.
கொப்பரைக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை.
கடிகாரத்துக்கும் இல்லை, தேடிப் பார்த்தேன்.

வரவு: இரவில் பின்னிய காலுறை, ஆறு ஜோடி.
வரவு: விலாங்கு, ஒரு கூடை.
வரவு: எழுத்துக்கான வாத்திறகு, நூறு, ஒரு ஷில்லிங்.
மேற்படி, நூறு.
மேற்படி, நூறு.
பற்று: ஊசி.
பற்று: பையனுக்கு அம்மை கண்டபோது மருந்து.
(அவர் சொத்து. அவள் செலவு.)

அவள் கொடுத்த இறகைச் சீவித்தான்
அவள் பெயரை எழுதியிருக்கிறார்.
கூர் மழுங்கிய நாள்களில்
பெனிபா தடித்துத் தெரிகிறாள்.

எனக்குக் கணக்கு வராது,
பள்ளியில் இருமுறை தோற்றவள்.
ஆனாலும் பென்சிலை எடுத்தேன்.
பதினேழு ஷில்லிங்கும் எட்டு ஷில்லிங்கும்
ஒரு பவுன், ஐந்து ஷில்லிங்.
டோபியாஸ் போட்டிருப்பது
ஒரு பவுன், இரண்டு.
மறுபடி கூட்டினேன். விரல் விட்டும் கூட்டினேன்.

மூன்று ஷில்லிங் என்றால் முந்நூறு இறகு.
ஒரு சிறகில் எழுதத் தேறுவது ஐந்துதான்.
அப்படியென்றால் முப்பது வாத்து,
முப்பது முறை கடிபட்ட கை.

காபி நேரத்தில் லோரெட்டாவிடம் சொன்னேன்.
"அந்தக் காலத்தில் எல்லாரும் தப்பாகத்தான் கூட்டினார்கள்."
இருக்கலாம்.
திரும்பி வந்து பாதிரியார் பக்கத்தைக் கூட்டினேன்.
பென்ஸ் பிசகாமல் சரியாக இருந்தது.

அந்த மூன்று ஷில்லிங் குறைந்துதான்
பையன் கை நழுவிப் போனான் என்று
சொல்லிவிட ஆசையாக இருக்கிறது.
ஏடு அதற்கு இடம் தரவில்லை.
1768 கோடையில் அவள் வரவு பதினோரு பவுன் சொச்சம்.
கீழே ஒரு கோடு,
"நான்காம் ஏட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்டது."
பதினோரு பெட்டியிலும் நான்காம் ஏடு இல்லை.
அந்த வீட்டு அம்மாளுக்குத் தொலைபேசினேன்.
கூரை ஒழுகிய வருடம் நிறையத் தூக்கிப் போட்டோம் என்றார்,
குரலில் உண்மையான வருத்தம்.

அட்டவணைப் படிவத்தில் ஒரு கட்டம்:
ஏட்டில் வரும் நபர்கள்.
பெனிபா என்று அடித்தேன்.
அடுத்த கட்டம் வெகுநேரம் துடித்துக்கொண்டிருந்தது.
அங்கே மேற்படி என்று போட
எனக்குக் கை வரவில்லை.
போடுவதற்கு வேறு பெயரும் இல்லை.

ஏட்டில் எழுதக்கூடாது, அது விதி.
ஒரு துண்டுச் சீட்டில் எழுதி
112க்கும் 113க்கும் நடுவே வைத்தேன்:
கூட்டல் பிழை. வீடு தரவேண்டியது
மூன்று ஷில்லிங்.
தேதி போட்டேன்.

மேசை மணலை
தபால் அட்டையால் ஒதுக்கிச் சேர்த்து,
தட்டாமல்,
மடிப்புக்குள்ளேயே திரும்பச் சரித்தேன்.